‘விசேஷம் ஏதும் உண்டா?’: எந்த வழி, எத்தனை முறை, எதுவரை?

காலை ஆறே முக்கால். டோக்கன் எண் 14. கருத்தரிப்பு மையத்தின் வரவேற்பறையில் அந்த நேரத்துக்கே உட்கார இடம் இருக்காது. வேலைக்குப் போகிறவர்கள் ஸ்கேனை முடித்துக்கொண்டு ஒன்பதரைக்குள் ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். வெளியூர்க்காரர்கள் இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொண்டு நேராக வந்திருப்பார்கள். எல்லார் மடியிலும் ஒரு தடித்த ஃபைல். அதன் ஓரத்தில் எக்ஸ்ரே கவர் நீட்டிக்கொண்டிருக்கும். “யூரின் போய்ட்டு வந்துடுங்கம்மா” என்று நர்ஸ் குரல் கொடுத்ததும் நாலு பேர் எழுந்து போவார்கள்.

அங்கே பக்கத்தில் இருப்பவரிடம் யாரும் முதலில் பேர் கேட்பதில்லை. “எத்தனையாவது நாள்?” என்றுதான் பேச்சு தொடங்கும். தலைக்குக் குளித்த கணக்கு அது. “பன்னெண்டு.” “முட்டை எவ்வளவு இருக்கு?” “பதினாறுலயே நிக்குதுக்கா. பதினெட்டு வந்தாத்தான் ஊசியாம்.” மில்லிமீட்டர் என்று யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா நாமக்கல் பக்கத்துக்காரர். வயது 41. அது அவருக்கு மூன்றாவது மருத்துவமனை. “மொத இடத்துல ஐ.யு.ஐ ஏழு தடவை செஞ்சாங்க கண்ணு. ரெண்டாவது இடத்துல டோனர் முட்டைன்னாங்க. இங்க ஐ.வி.எஃப்-ங்கறாங்க. பத்தாவது படிச்சவ நான், எதைச் செய்யறதுன்னு எனக்கு என்ன தெரியும்? நீ சொல்லு” என்றார். நான் பட்டம் படித்தவள், பத்திரிகையில் வேலை பார்க்கிறவள். எனக்கும் தெரியவில்லை. என் டோக்கனைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

அவருக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். இந்த ஆறு வருஷத்தில் நானும் என் கணவரும் மாத்திரையிலிருந்து ஐ.வி.எஃப் வரை எல்லாவற்றையும் கடந்து வந்தோம். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். எந்தச் சிகிச்சை நல்லது என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். உங்கள் இருவருக்கும் என்ன காரணம், உங்கள் வயதுக்கு அந்த வழியில் வாய்ப்பு எவ்வளவு, எத்தனை முறையோடு நிறுத்துவது என்ற மூன்றையும் அதற்கு முன் கேட்டாக வேண்டும். இதைக் கேட்கவிடாமல் ஒரு பக்கம் வெட்கம் தடுக்கிறது. இன்னொரு பக்கம் ‘இந்த மாசமே ஆரம்பிச்சிடலாம்’ என்ற அவசரம் தடுக்கிறது.

ஒரு வருஷம் பொறுக்கலாமா?

கல்யாணமான மூன்றாம் மாதமே “விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்பவர்களுக்கு அது நலம் விசாரிப்பு. உடம்பின் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. எந்தக் குறையும் இல்லாத, முப்பது வயதுக்கு உட்பட்ட தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு உண்டாகும் வாய்ப்பு நூற்றுக்கு 20, 25தான். மாதாமாதம் முயன்றால் ஒரு வருஷத்துக்குள் நூறு தம்பதிகளில் 80, 85 பேருக்குக் கரு தங்கிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 12 மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால்தான் அதைக் குறைபாடு என்கிறது. உலகெங்கும் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இதைச் சந்திக்கிறார் என்று 2023-ல் அதே நிறுவனம் அறிவித்தது. நம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை இது.

பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும், மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். 40 என்றால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, காசநோய் வந்திருக்கிறது, வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறது, கணவருக்குச் சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்தது என்றால் எந்த வயதிலும் சீக்கிரம் போவதே நல்லது.

இதற்கு நடுவே யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று இருக்கிறது. கணவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அல்லது இவருக்கு நைட் ஷிஃப்ட், அவளுக்குப் பகல் வேலை. கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஒரு மாதத்தில் ஆறுதான். முட்டை வெளிவருகிற நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. அந்த ஆறு நாளில் இருவரும் ஒரே ஊரில் இல்லை என்றால் அதற்கு மாத்திரை என்ன செய்யும்? இன்னும் சிலருக்குத் தாம்பத்திய உறவே சரியாக நடந்திருக்காது. பெண்ணுக்கு வலி, தசை இறுக்கம்; ஆணுக்கு விறைப்பில் சிக்கல். பல மாதம் ஸ்கேன் எடுத்த பிறகுதான் இது தெரியவந்தது என்று மகப்பேறு மருத்துவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். இருவரையும் தனித்தனியே உட்கார வைத்து மாமியார், அம்மா இல்லாமல் கேட்டால்தான் வெளியே வரும். கவுன்சலிங்கும் எளிய சிகிச்சையும் தீர்த்துவைக்கக்கூடிய விஷயம் அது.

முதலில் அவருக்கு

எனக்கு 30 வயதில் சிகிச்சை தொடங்கியது. இரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். மாதம் நாலு ஸ்கேன். ட்யூப் டெஸ்ட் எடுத்த அன்று வலியில் அழுதேன். மாதவிடாய் எனக்கு 29 நாளுக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி வரும். என் ரிப்போர்ட் எல்லாம் நார்மல். அந்த இரண்டு வருஷத்தில் அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட என் கணவருக்குப் பரிசோதனை எழுதிக் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வாராவாரம் பைக்கில் கொண்டுவந்து விட்டு, வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்.

இடம் மாறிய முதல் நாளே அவரைத்தான் சோதிக்கச் சொன்னார்கள். சில நூறு ரூபாய் டெஸ்ட். ஒரு மில்லியில் 60 லட்சம் விந்தணுக்கள்தான் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை ஒரு கோடியே 60 லட்சம். நீந்துகிறவை நூற்றுக்கு 42-ஆவது வேண்டும், இவருக்குப் பாதிகூட இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. “ரெண்டு வருஷம் உன்னைப் போட்டு வதைச்சிட்டோமே” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். இரவெல்லாம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தார்.

குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அப்படியிருக்க, பெண்ணுக்கு ஒரு ஊசி போடுவதற்கு முன்பே ஆணுக்கு அந்த டெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். இதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து சாம்பிள் கொடுக்க வேண்டும். ஒரு ரிப்போர்ட் மோசமாக வந்தால் மனம் உடைய வேண்டாம். காய்ச்சல் வந்திருந்தால்கூடக் குறையும். விந்தணு ஒன்று உருவாகி முழுமை பெற இரண்டரை மாதம் ஆகிறது. ஆகவே இன்றைக்குக் கவுன்ட் குறைவு என்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அந்த மூன்று மாதத்தில் செய்யக்கூடியவை உண்டு. புகையிலை, சிகரெட், குடியை விடுவது. அடுப்பு, உலை, என்ஜின் சூட்டுக்குப் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்கிறவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்வது. ஜிம்மில் உடம்பேற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிற தம்பிகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்: அந்த ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நினைக்கிறீர்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும். விட்டால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும், மாதக்கணக்கில் ஆகும்.

விதைப்பை நரம்பு வீக்கம் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு இருந்தால் சிறிய ஆபரேஷன் பலன் தரும். என் கணவருக்குச் செய்தோம், கவுன்ட் ஓரளவு ஏறியது. விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. வரும் பாதை அடைத்திருக்கிறதா, உற்பத்தியே இல்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அடைப்பு என்றால் விதையிலிருந்தே ஊசியால் எடுத்து ஐ.வி.எஃப் செய்ய முடிகிறது. உற்பத்திக் குறைவிலும் நுண்ணோக்கி வைத்துத் தேடி எடுக்கும் ஆபரேஷனில் சிலருக்குக் கிடைக்கிறது.

மாத்திரை, ட்யூப், ஐ.யு.ஐ

நீர்க்கட்டி இருக்கிற, மாதவிடாய் தள்ளித்தள்ளி வருகிற பெண்களுக்கு மாத்திரைதான் முதல் வழி, நல்ல வழியும்கூட. உடல் எடை கூடுதலாக இருந்தால், இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வெடிக்க ஆரம்பிக்கிறது. 80 கிலோ என்றால் நாலு கிலோ. மாத்திரைகளில் பல காலம் குளோமிஃபின்தான் முதலிடத்தில் இருந்தது. 2014-ல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் செய்த ஆய்வில் லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு மேல் குழந்தை பெற்றார்கள், குளோமிஃபினில் 19 பேர். இந்தியாவில் 2011-ல் லெட்ரோசோலைக் குழந்தைப்பேற்றுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள், பிறகு அது விலக்கப்பட்டது. இன்றைக்கு நீர்க்கட்டிக்கு அதுவே முதல் தேர்வு.

ஆனால் என்னைப்போல் மாதவிடாய் ஒழுங்காக வருகிறவருக்கு மாத்திரை மட்டும் கொடுப்பதில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. அந்த இரண்டு வருஷம் எனக்கு அப்படித்தான் போனது.

இன்னொரு டெஸ்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏ.எம்.எச் என்று ரத்தத்தில் பார்ப்பார்கள், சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று. 27, 28 வயதுப் பெண்களிடம் ‘உங்க ஏ.எம்.எச் கம்மி, உடனே ஐ.வி.எஃப் போகணும்’ என்று சொல்லி அழவைத்து அனுப்புகிறார்கள். ஐ.வி.எஃப் செய்தால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க அது உதவும். இயற்கையாகக் கரு தரிக்குமா என்று சொல்ல அது உதவாது. 30-லிருந்து 44 வயது வரையுள்ள பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017-ல் வந்த அமெரிக்க ஆய்வில், ஏ.எம்.எச் குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். எண்ணிக்கையை அது சொல்கிறது. முட்டையின் தரத்தை வயதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் பயந்துபோய்ப் பணம் கட்ட வேண்டாம்.

கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ட்யூப் டெஸ்ட். நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம், இருமலே இல்லாமல் கருக்குழாயிலும் கர்ப்பப்பையிலும் இருக்கக்கூடும். டெஸ்ட் வலிக்கும், உண்மை. அதிலும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்த ஆய்வில், எண்ணெய் கலந்த மருந்தைச் செலுத்தி டெஸ்ட் எடுத்தவர்களில் நூற்றுக்கு கிட்டத்தட்ட 40 பேர் ஆறு மாதத்துக்குள் கருவுற்றார்கள். தண்ணீர் கலந்த மருந்தில் 29 பேர். இரண்டு குழாயும் அடைத்திருந்தால் ஐ.யு.ஐ-யில் காலம் கழிக்காமல் நேரே ஐ.வி.எஃப்-தான். குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் ஐ.வி.எஃப்-க்கு முன் அதை எடுத்துவிடவோ அடைத்துவிடவோ வேண்டும். அந்த நீர் கர்ப்பப்பைக்குள் வடிந்து கருவைத் தங்கவிடாது.

ஐ.யு.ஐ என்பது விந்தணுவைக் கழுவி, நன்றாக நீந்துகிறவற்றை மட்டும் பிரித்தெடுத்து, முட்டை வெடிக்கிற நேரத்தில் மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் வைப்பது. ஐந்து நிமிஷ வேலை. ஒரு முறை செய்தால் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து பதினைந்து. காரணம் எதுவும் பிடிபடாத தம்பதிகளுக்கு இது வீண் இல்லை. நியூசிலாந்தில் 201 தம்பதிகளைப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று சுற்று மாத்திரையோடு ஐ.யு.ஐ செய்தார்கள், மறுபாதியை அதே காலம் சும்மா காத்திருக்கச் சொன்னார்கள். சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குக் குழந்தை. காத்திருந்தவர்களில் ஒன்பது பேருக்கு.

மூன்று, மிஞ்சினால் ஆறு. அதோடு நிறுத்தி யோசிக்க வேண்டும். நாமக்கல் அக்காவுக்கு ஏழு முறை செய்தார்கள். அப்போது அவருக்கு 38, 39 வயது இருந்திருக்கும். அந்த வயதில் ஒவ்வொரு மாதமும் விலை உயர்ந்தது. அந்த ஏழு மாதத்தை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஐ.வி.எஃப்: எண்ணைக் கேளுங்கள்

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. பத்தே வாரத்தில், அக்டோபர் 3-ல், கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் இரண்டாவது குழந்தையைக் கொண்டுவந்தார். அரசும் சக மருத்துவர்களும் அவரை நம்பவில்லை. விசாரணை, அவமானம், இடமாற்றம். 1981-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் செய்தது உண்மை என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜ் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கவைத்தார். இன்றைக்கு மாவட்டத் தலைநகரங்களில் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால், சிரிக்கும் குழந்தை படம் போட்ட போர்டு கண்ணில் படாமல் போகாது.

இந்தச் சோதனைக்குழாய் முறையில், அதாவது ஐ.வி.எஃப்-ல், என்ன நடக்கும்? பத்திலிருந்து பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி. பல முட்டைகள் ஒன்றாக வளர்வதற்காக. நடுநடுவே ஸ்கேன். முட்டைகள் வளர்ந்ததும் கடைசி ஊசி ஒன்று, அதை மணி பார்த்துப் போட வேண்டும், பெரும்பாலும் ராத்திரியில். எனக்கு இரவு பத்து மணிக்கு. என் கணவர் மொபைலில் மூன்று அலாரம் வைத்திருந்தார். ஐஸ் டப்பாவில் ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு நர்ஸ் அக்கா வீட்டுக்குப் போனோம். சுமார் 36 மணி நேரம் கழித்து மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கர்ப்பப்பைக்குள் வைக்கிறார்கள், மீதியை உறைய வைக்கிறார்கள். அப்புறம் ரெண்டு வாரம். கரு ஒட்டியதா என்று ரத்தத்தில் பார்க்கிற பீட்டா ரிசல்ட் வரும்வரை காத்திருக்கிற அந்த ரெண்டு வாரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

எனக்குப் பதினோரு முட்டை கிடைத்தது. ஒன்பது முதிர்ந்தவை. ஏழு கருவாயின. ஐந்தாம் நாள் மிஞ்சியது மூன்று. இப்படித்தான் ஒவ்வொரு படியிலும் கழியும். முதல் படியிலேயே ‘பதினொண்ணு இருக்கு’ என்று சந்தோஷப்பட்டு ஊருக்குப் போன் போட்டுவிட்டு அம்மாவிடம் பிறகு விளக்கத் தெரியாமல் தவித்தேன்.

‘எங்கள் வெற்றி விகிதம் 70 சதவீதம்’ என்று போர்டு வைத்திருந்தால் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எது வெற்றி, பீட்டா பாசிட்டிவா, குழந்தையைக் கையில் வாங்குவதா? இரண்டுக்கும் நடுவில் கருச்சிதைவு இருக்கிறது. எதற்கு 70, ஊசி ஆரம்பித்த நூறு பேரில் 70-ஆ, கரு வைக்கிற கட்டம் வரை வந்தவர்களில் மட்டும் 70-ஆ? எந்த வயதுக்கு, இரவல் முட்டையில் செய்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா? என் வயதில், என் காரணத்தோடு, என் முட்டையில் போன வருஷம் இங்கே எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குழந்தையோடு போனார்கள் என்று கேட்டால் நேர்மையான மருத்துவர் பதில் சொல்வார். பொதுவாக, 35 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு கரு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. 41, 42-ல் அது ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். 44-ல் சொந்த முட்டையில் மிக அரிது. இந்த எண்கள் மனத்தை நோகடிக்கும். தெரியாமல் நகையை விற்பது அதைவிட நோகடிக்கும்.

தனியார் மையங்களில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆகிறது. பெரும்பாலான காப்பீடுகள் இதற்குக் கொடுப்பதில்லை. அதன் மேல் சேர்க்கும் செலவுகளைக் கவனியுங்கள். ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தும் இக்ஸி முறை 1992-ல் பெல்ஜியத்தில் வந்தது. விந்தணு குறைந்த ஆண்களுக்கு அது வரம், எங்களுக்கும் அதுதான் செய்தார்கள். விந்தணு நன்றாக இருக்கிறவர்களுக்கும் அதையே செய்து பில் போடுவது வழக்கமாகிவிட்டது. வியட்நாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள், அவர்களுக்கு இக்ஸியால் கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை. கர்ப்பப்பை உட்சுவரைக் கீறிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று பல இடங்களில் செய்தார்கள். 2019-ல் 1,364 பெண்களிடம் பார்த்தபோது கீறியவர்கள், கீறாதவர்கள் இரு பக்கமும் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு அதே 26. ‘இது எனக்கு எதற்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும்?’ என்று ஒவ்வொரு கூடுதல் செலவுக்கும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு கரு வைக்கலாமா என்று கேட்பார்கள். இத்தனை வருஷம் ஏங்கியவளுக்கு ரெட்டைக் குழந்தை என்றால் கடவுளே நேரில் வந்தது போலத்தான் இருக்கும். குறைமாதப் பிரசவமும் தாயின் ரத்தக்கொதிப்பும் அதில் கூடுதல். நல்ல ஐந்தாம் நாள் கரு கையில் இருந்தால், இளம் வயதில், ஒன்றை வைத்து மற்றதை உறைய வைப்பதே பாதுகாப்பு.

சென்னை எழும்பூரில் 1844-லிருந்து இயங்கும் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-ல் செயற்கைக் கருத்தரிப்பு மையம் திறந்தார்கள். மாதச் சம்பளக்காரர்கள்கூட வட்டிக்கு வாங்கித்தான் ஐ.வி.எஃப் செய்கிறார்கள், கூலி வேலைக்காரர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல். இது மாவட்டம்தோறும் வர வேண்டும். தமிழ்நாட்டில் குழந்தைப் பிறப்பு குறைந்துகொண்டே போகிறது என்று மேடையில் கவலைப்படுகிறவர்கள், பெற்றுக்கொள்ள ஏங்குகிறவர்களுக்கு முதலில் இதைச் செய்து கொடுக்கட்டும்.

இன்னொருவரின் முட்டை

41 வயது அக்காவுக்கு டோனர் முட்டை என்று சொன்ன மருத்துவமனை மருத்துவக் கணக்கில் தவறு சொல்லவில்லை. கரு தங்கும் வாய்ப்பு முட்டை கொடுப்பவரின் வயதைப் பொறுத்தது. இளம் பெண்ணின் முட்டை என்றால் வாய்ப்பு பல மடங்கு கூடும். சொன்ன விதம்தான் தவறு. அவருக்கு அது என்னவென்றே புரியவில்லை, ‘முட்டை மாத்தறாங்களாம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தார். தன் ரத்தம் இல்லாத கருவைத் தன் வயிற்றில் சுமந்து பெறுவது பற்றி அவரும் கணவரும் நாள் கணக்கில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். சிலர் மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறார்கள். பத்து மாதம் சுமந்து பாலூட்டிய பிறகு யார் முட்டை என்ற நினைப்பே வருவதில்லை என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். சிலரால் முடிவதில்லை. இரண்டும் சரிதான்.

முட்டை கொடுக்கிற பெண்ணைப் பற்றியும் நினைக்க வேண்டும். 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் ஆதாரில் வயதை மாற்றி, திரும்பத் திரும்பச் சினைமுட்டையை எடுத்து விற்ற கொடுமை வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த ஆண்டு ஜனவரியில்தான் செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி முட்டை கொடுப்பவருக்கு 23-லிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. சிகிச்சை பெறும் பெண் 21-லிருந்து 50 வயதுக்குள், ஆண் 55-க்குள். பதிவு செய்யாத மையம் இதில் எதையும் செய்யக் கூடாது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். வாடகைத்தாய் முறையும் அதே ஆண்டுச் சட்டத்தால் மாறிவிட்டது. பணம் கொடுத்துச் செய்ய முடியாது, மருத்துவக் காரணம் உறுதியானவர்களுக்கு மட்டும், மனமுவந்து முன்வரும் பெண் மூலம்தான். கர்ப்பப்பை இல்லாத பெண்ணுக்கு இது தேவை. மற்றவர்கள் இதைக் கடைசியில் இருக்கும் ஒரு சுலப வழி என்று நினைக்க வேண்டாம்.

எதுவரை?

எங்கள் மூன்று கருக்களில் முதலாவது ஒட்டவில்லை. இரண்டாவது ஒட்டியது. பீட்டா பாசிட்டிவ் என்று போன் வந்தபோது நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன், கத்தியைக் கையிலேயே பிடித்தபடி நின்றேன். அம்மா திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் மந்திரித்த நெய் வாங்கி வந்திருந்தாள். ஊசியோடு அதையும் தினம் ராத்திரி நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டிருந்தோம், மருத்துவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. மூன்றாவது கருவும் ஒட்டவில்லை. அப்போது எனக்கு 36 முடிந்திருந்தது.

இன்னொரு சுற்று போகலாம் என்றார் மருத்துவர். போகலாம்தான், வாய்ப்பு இருந்தது. நாங்கள் ஐ.வி.எஃப் தொடங்குவதற்கு முன்பே ஒரு சுற்று முட்டை எடுப்பது, அதில் கிடைக்கும் எல்லாக் கருவும் வைத்துப் பார்ப்பது, அதோடு நிற்பது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். என் கணவர்தான் அப்படி எழுதச் சொன்னார். தோற்ற அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தால் யாராலும் நிறுத்த முடியாது, அடுத்த மாதம் என்ற ஆசை இழுத்துக்கொண்டே போகும் என்றார். எங்களுக்கு அது சரியாக இருந்தது. இன்னொருவர் மூன்று சுற்று என்று எழுதுவார், அவர்களுக்கு அது சரி. எழுதாமல் இறங்குவதுதான் ஆபத்து.

தத்தெடுப்பைப் பற்றி நம் வீடுகளில், எல்லாம் தோற்ற பிறகு என்றுதான் பேசுகிறார்கள். அது வரிசையில் கடைசி என்று யார் சொன்னது? சிகிச்சைக்கு முன்பே அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். தெரிந்த நர்ஸ் மூலம், ஆஸ்பத்திரி வாசலில் என்று யார் சொன்னாலும் அது குற்றம். திருமணமாகி இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. இதைத் தெரியாமல் சிகிச்சையிலேயே 46, 47 வயது வரை போய்விட்டுப் பிறகு வந்து விசாரிக்கிறவர்கள் ஏராளம். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாநிலம் இது. ஆனாலும் இன்று சின்னக் குழந்தைக்குக் காத்திருப்போர் வரிசை மிக நீளம், வருஷக்கணக்கில் ஆகிறது. ஆகவே மனத்தில் அந்த எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், சிகிச்சை நடக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுங்கள்.

எங்கள் வயதைக் கூட்டினால் 78 வந்தது. பதிவு செய்தோம். அடுத்த மாதமே வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் வந்தார், இளம் பெண். சம்பளச் சான்று, உடல்நலச் சான்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என் பழைய ஃபைலையும் புரட்டினார். அதே தடித்த ஃபைல். பிறகு மூடி வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்து, “சார், குழந்தை வந்தா எங்க தூங்கும்?” என்று கேட்டார்.

இரண்டு வருஷம் டீக்கடையிலேயே நின்றவர். எழுந்து முன்னால் போனார். படுக்கையறைக் கதவைத் திறந்து, ஜன்னல் ஓரத்தில் பீரோவை நகர்த்தி வைத்துக் காலியாக விட்டிருந்த இடத்தைக் காட்டினார். பீரோ நின்றிருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. “மத்தியானம் இங்க வெயில் வராதுங்க, பார்த்துட்டேன்” என்றார். எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டாள்.

அந்த இடத்தில் இன்னும் எதையும் வைக்கவில்லை. வாரம் ஒருமுறை பெருக்கித் துடைக்கிறேன். வரிசை எண்ணை மாதாமாதம் முதல் தேதி அவர் பார்த்துச் சொல்வார்.